அக்காவோட கம்பெனியை எப்போ வாங்கினாங்க?

ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி எப்போ வாங்கியதுன்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கூகுள்ல தட்டினா ரெண்டு நிமிஷம்னுதான் நானும் நினைச்சேன். அந்த ரெண்டு நிமிஷம் எங்க அக்கா வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

எங்க வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கம். அக்கா முதல்ல சேர்ந்தது அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. நடுவுல அதை ஒரு அமெரிக்கக் கம்பெனி வாங்கியது, அப்புறம் பேரும் மாறியது. போன வருஷம் அக்காவுக்கு வேற இடத்தில் ஆஃபர் வந்தது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஃபாரத்தில் ஒரு கேள்வி: பழைய கம்பெனி கைமாறியிருந்தால் தேதியும் ஆதாரமும் தரவும். "டேய், நீதான் நெட்லயே கிடக்கியே, பார்த்துச் சொல்லு"ன்னா. தேடினதும் முதல்ல வந்த தளத்தில் 2018 என்று இருந்தது. லிங்க்கோட கொடுத்துட்டேன்.

மூணு நாள் கழிச்சு மெயில். "2018-ல் கைமாறிய கம்பெனியின் பழைய பெயரில் 2019 ஜூலை மாதச் சம்பளச் சீட்டு எப்படி வந்தது?" அக்கா அப்போ ராஜினாமா கொடுத்துட்டு நோட்டீஸ் பீரியட்ல இருந்தா. என்னைத் திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை. ஒண்ணும் சொல்லாம சாப்பிடாம போய்ப் படுத்துட்டா.

அன்னைக்கு ராத்திரிதான் ஒழுங்காத் தேட ஆரம்பிச்சேன். முதல்ல புரிஞ்சது, கைமாறுவதற்கு ஒரு தேதி கிடையாது. அறிவிச்ச தேதி, முடிஞ்ச தேதி, பேர் மாறிய தேதின்னு மூணு உண்டு. நம்ம சென்னை போலாரிஸையே எடுத்துக்கோங்க. அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்குவதாக விர்டுசா அறிவித்தது 2015 நவம்பரில். வாங்கி முடித்தது 2016 மார்ச்சில். எந்த வருஷம்னு கேட்டா ரெண்டு பேர் ரெண்டு பதில் சொல்வாங்க, ரெண்டு பேரும் பொய் சொல்லலை. பங்குகள் கைமாறினாலும் கம்பெனி சட்டப்படி அதே கம்பெனிதான். பேரை மாத்துற வரைக்கும் சம்பளச் சீட்டு பழைய பேர்லதான் வரும்.

அடுத்தது, யார் சொல்றாங்கன்னு பாருங்க. தப்பாச் சொன்னா சட்டப்படி மாட்டிக்கிறவங்க சொல்றதுதான் நமக்கு வேணும். ஃப்ரெஷ்வொர்க்ஸ் நல்ல உதாரணம். ஃப்ரெஷ்டெஸ்க்னு பேர் இருந்த காலத்தில், 2015-ல், அது கொனோடரை வாங்கியது. அப்போ அது தனியார் கம்பெனி. அதனால் நமக்குக் கிடைப்பது அவங்க அறிக்கையும் பத்திரிகைச் செய்தியும்தான். 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானதும் கதை மாறிடுச்சு. 2024 மே மாதம் டிவைஸ்42-ஐ சுமார் 23 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவிச்சாங்க, ஜூன்ல முடிச்சாங்க. இது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் அவங்க தாக்கல் செய்த ஆவணங்களில் இருக்கு. யார் வேணா காசில்லாமப் படிக்கலாம்.

அக்கா கம்பெனியை வாங்கினவங்களும் அமெரிக்காவில் பட்டியலானவங்க. எட்கரில் அவங்க ஆண்டறிக்கையான 10-கே-வை எடுத்தேன். முன்பக்கத்தில் ஒண்ணும் இல்லை. பின்னாடி நிதிக்கணக்குக் குறிப்புகளில் 'பிசினஸ் காம்பினேஷன்ஸ்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி: வாங்கி முடித்தது 2019 ஜனவரி. அந்தத் தளம் சொன்ன 2018, வெறும் அறிவிப்புத் தேதி!

பேர் மாற்றம்? அதுக்கு நம்ம ஊர் எம்.சி.ஏ. தளம். ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினா அதன் பொது ஆவணங்களைப் பார்க்கலாம். பேர் மாற்றச் சான்றிதழ் அங்கே கிடைச்சது, 2020 தேதியோட. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டேன். பேர் மாத்தின கம்பெனி ரெண்டு வருஷத்துக்கு லெட்டர்ஹெட்ல பழைய பேரையும் சேர்த்துப் போடணும்னு 2013 கம்பெனிச் சட்டம் சொல்லுது. அக்காவோட இன்க்ரிமென்ட் லெட்டர்ல மேலே சின்ன எழுத்தில் அது இருந்தது. இத்தனை நாள் நாங்கதான் கவனிக்கலை.

மூணு தேதியையும் வரிசையாப் போட்டு, ஆவணங்களோட பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியையும் இணைச்சு அனுப்பினோம். பத்து நாள் பதிலே இல்லை. அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் சத்தமாப் பேசலை. பதினொண்ணாவது நாள் 'கிளியர்'னு மெயில் வந்தது.

நீங்களும் மினி ப்ராஜெக்டுக்கோ பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்கோ ஏதாவது கம்பெனி வரலாறு தேடுவீங்க. பத்து தளத்தில் ஒரே தேதி இருக்கேன்னு நம்பிடாதீங்க. ஒண்ணைப் பார்த்து ஒன்பது காப்பி அடிச்சிருக்கலாம், நம்ம அசைன்மென்ட் மாதிரியே. அறிவிச்சதா, முடிஞ்சதா, பேர் மாறினதான்னு கேளுங்க. சொல்றவங்க யாருன்னு பாருங்க. முக்கியமா, வீட்டில் வேலைக்குப் போறவங்களோட பழைய சம்பளச் சீட்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.