பினாங்கில் லுஹர் எத்தனை மணிக்கு?

ஊர்ப் பழக்கத்தை உடன் எடுத்துச் சென்று அயல்நாட்டில் அவதிப்பட்ட ஒருவனின் கதையை முதலில் கேளுங்கள். 1995ஆம் ஆண்டு ரமலான். பினாங்கில் வாழும் என் ராத்தாவைப் பார்த்துவர உம்மாவுடன் நாகூரிலிருந்து சென்றிருந்தேன். முதல் நாள் நண்பகலில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டேன். நம் தமிழக முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் முஹைதீன் அவர்களின் முயற்சியால் 1801இல் தோன்றிய பள்ளி அது. குவிமாடமும் தனித்து நிற்கும் மினாராவுமாக ஜார்ஜ் டவுனின் நடுவே இன்றும் கம்பீரமாக விளங்குகிறது.

என் கடிகாரத்தில் மணி பன்னிரண்டரை. விமான நிலையத்திலேயே உள்ளூர் நேரத்திற்குத் திருத்திவிட்டிருந்தேன். நாகூரில் அந்த மாதத்தில் பன்னிரண்டரைக்கு லுஹர் நேரம் வந்துவிடும். ஆகவே பாங்கு கேட்கும் என்று எதிர்பார்த்து உளூச் செய்து அமர்ந்தேன். பாங்கு வரவில்லை. ஒரு மணி ஆயிற்று, அப்போதும் வரவில்லை. பக்கத்தில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த பெரியவர் என் தவிப்பைக் கண்டு, “தம்பி ஊரிலிருந்து வந்தவரோ? இங்கே லுஹர் ஒன்றரைக்கு மேலேதான்” என்றார். சுவரில் தொங்கிய தொழுகை அட்டவணையும் அதையே சொல்லிற்று: 1.35.

பூமி ஒரே பூமி, சூரியன் ஒரே சூரியன். அப்படியிருக்க, நாகூரில் பன்னிரண்டரைக்கு உச்சியில் இருக்கும் சூரியன் பினாங்கில் மட்டும் ஏன் ஒன்றரை மணிவரை சோம்பிக் கிடக்கிறது? நீங்களும் மனத்திற்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள், கடினமானதன்று.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அதாவது மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். பினாங்கு ஏறத்தாழ 100 பாகை 20 கலை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. நாகூர் 79 பாகை 50 கலை. இடைவெளி இருபதரைப் பாகை. நான்கால் பெருக்கினால் 82 நிமிடம். ஆகவே பினாங்கில் சூரியன் உச்சியை அடைந்து 82 நிமிடம் கழித்து நாகூரில் உச்சியை அடைகிறது. இது இறைவன் அமைத்த வித்தியாசம். ஆனால் இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையே இருப்பது 82 நிமிடமன்று. இரண்டரை மணி, அதாவது 150 நிமிடம். மிஞ்சிய 68 நிமிடத்தை மனிதர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அன்று பள்ளியில் என்னைக் காக்க வைத்தது அந்த 68 நிமிடம்தான்.

நம் நாட்டிலும் இந்தச் சேர்க்கை உண்டு, ஆனால் சிறிது. 1906 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்தியாவின் நேரம் எண்பத்திரண்டரைப் பாகை ரேகையைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் நாட்டின் இரயில்கள் சென்னை வானாய்வுக்கூடத்தின் ‘மதராஸ் நேரத்தை’ வைத்தே ஓடின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. இன்றைய ஐந்தரை மணியோடு ஒப்பிட்டால் ஒன்பது நிமிடம்தான் வேறுபாடு. ஆகவே தமிழகத்தில் வாழும் நமக்குக் கடிகாரமும் சூரியனும் ஓரளவு இணைந்தே நடப்பதாகத் தோன்றுகிறது. அந்த நினைப்பே என்னை ஏமாற்றிவிட்டது.

மலேசியாவின் கதை வேறு. பினாங்கின் கோட்டைக்கு அருகே விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. அரசியின் அறுபதாண்டு ஆட்சியைக் குறிக்க அறுபது அடி உயரத்தில், சியா சென் இயோக் என்ற சீனச் செல்வர் கட்டித் தந்தது. போர்க்கால வெடிகுண்டுகளின் அதிர்ச்சியால் சற்றே சாய்ந்திருக்கிறது. அதன் சாய்வைக் காட்டிப் படமெடுத்துக்கொள்ளும் பயணிகளுக்கு, அதன் முட்கள் எத்தனை முறை தள்ளி வைக்கப்பட்டன என்பது தெரியாது. 1905 ஜூனில் அப்பகுதி முழுவதற்கும் 105 பாகை ரேகையின் நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 7 மணி முந்தியது, ஏற்கப்பட்டது. 1933இல் பகலொளியை மிச்சப்படுத்துவதாகக் கூறி 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் மேலும் பத்து நிமிடம், ஏழரை மணியாயிற்று. பிறகு ஜப்பானியர் வந்தார்கள். வந்தவர்கள் டோக்கியோவின் நேரத்தையும் கொண்டுவந்தார்கள். ஒன்பது மணி! அக்காலத்தில் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வந்தபோது கடிகாரம் ஏறக்குறையப் பிற்பகல் 2.20 காட்டியது. படையெடுத்து வருபவன் நாட்டை மட்டுமல்ல, நண்பகலையும் பிடித்துக்கொள்கிறான். 1945இல் மீண்டும் ஏழரை.

இறுதி மாற்றம் 1981 டிசம்பர் 31 நள்ளிரவில் நடந்தது. சபாவும் சரவாக்கும் 8 மணி நேரத்தில் இருந்தன. தீபகற்பம் ஏழரையில் இருந்தது. ஒரே நாட்டுக்கு ஒரே நேரம் வேண்டும் என்று பிரதமர் மகாதீர் முகம்மது அவர்களின் அரசு முடிவெடுத்தது. அன்றிரவு 11.30 ஆனதும் கடிகாரங்கள் நேரே 12க்குத் தாவின. வணிகம் பிரியக்கூடாதென்று சிங்கப்பூரும் உடன் மாறிற்று. எட்டு மணிக்குரிய 120 பாகை ரேகையோ போர்னியோத் தீவையும் தாண்டிக் கிழக்கே ஓடுகிறது. சபாவின் கோத்தா கினபாலுவுக்கு அது பொருந்தும். அங்கே நண்பகல் சராசரியாகப் பன்னிரண்டேகாலுக்கு வருகிறது. பினாங்கில்தான் 1.20ஐ ஒட்டி வருகிறது. பூமியின் பாதை வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இதிலும் ஏற்ற இறக்கம் உண்டு: நவம்பர் தொடக்கத்தில் 1.02, பிப்ரவரி நடுவில் 1.33.

இதனால் நட்டம் எதுவுமில்லை என்கிறார் என் மச்சான். மாலை ஏழரைவரை வெளிச்சம்; கடையடைத்து வந்து நோன்பு திறக்கலாம். ராத்தாவின் கருத்து வேறு: பிப்ரவரியில் காலை ஏழேகால் ஆகியும் சூரியன் எழுந்திருக்காது, பிள்ளைகளை இருட்டிலேயே பள்ளிக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். நான் ராத்தாவின் கட்சி. ஆனால் இதைவிடக் கடுமையான இடமும் உண்டு. சீனா முழுவதற்கும் பெய்ஜிங்கின் ஒரே நேரம்தான். அதன் மேற்கெல்லையில், உய்குர் முஸ்லிம்கள் வாழும் காஷ்கரில், அக்கணக்குப்படி நண்பகல் மூன்று மணியை ஒட்டி வருகிறது. அவர்களில் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தைத் தமக்குள் வழங்கி வருகிறார்கள்.

இடம் மாறினால் நேரம் மாறும் என்பது ஐரோப்பியர் கண்டு சொன்ன செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். 997ஆம் ஆண்டு மே 24இல் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரில் இளைஞர் அல்பீரூனியும், பக்தாதில் அறிஞர் அபுல் வஃபாவும், முன்னரே பேசிவைத்துக்கொண்டு அதைக் கவனித்தார்கள். கிரகணம் எல்லாருக்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஆனால் ஊருக்கு ஊர் மணி வேறு. அந்த மணி வேறுபாட்டைக் கொண்டே இரு நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தார்கள். மேலே நாம் பினாங்குக்குப் போட்ட கணக்கின் தலைகீழ் வடிவம்தான் அது.

உலகம் முழுவதற்கும் கிரீன்விச்சைத் தொடக்கமாக வைப்பதென 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடிப் பேசின. உதுமானியத் துருக்கியின் சார்பில் ருஸ்தம் எஃபெண்டி கலந்துகொண்டார். தம் நாட்டில் நாள் என்பது மஃரிபிலிருந்து மஃரிப் வரை எண்ணப்படுவதையும் அவர் சபையில் எடுத்துரைத்தார். சூரியன் மறையும்போது கடிகாரத்தைப் பன்னிரண்டில் வைப்பது அங்கு வழக்கம். 1926இல்தான் துருக்கி அதைக் கைவிட்டது.

எங்கள் பாட்டனார் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போய் வந்தவர். கப்பலில் ஒவ்வோர் இரவும் கடிகாரத்தைச் சிறிது சிறிதாக முன்னே தள்ளுவார்கள் என்று சொல்லுவார். உடலும் வயிறும் அதற்குப் பழகிக்கொள்ள நாட்கள் இருந்தன. விமானம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அதை நாங்கள் திரும்பும்போது அறிந்தோம்.

கோலாலம்பூரிலிருந்து மாலையில் புறப்பட்ட விமானம். உம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, சர்க்கரை நோய் வேறு. பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்க அனுமதி உண்டு என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. அவர் கையில் வாப்பாவின் பழைய கடிகாரம். அதில் ஏழரை ஆனதும் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தார். சன்னலுக்கு வெளியே பார்த்தேன். மேகங்களுக்கு மேலே சூரியன் பொன்னாக நின்றது.

“உம்மா, சூரியன் இன்னும் மறையலையே.”

“பினாங்குப் பள்ளியிலே இந்நேரம் பாங்கு சொல்லியிருப்பாங்களே, தம்பி.”

“நாம பினாங்கிலே இல்லையே உம்மா.”

நோன்பாளி எங்கே இருக்கிறாரோ அங்கே சூரியன் மறைய வேண்டும் என்பதே மார்க்க அறிஞர்கள் கூறும் விதி. உம்மாவுக்கு அது தெரியாததன்று. பழத்தை மீண்டும் டப்பாவில் வைத்து மூடிவிட்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் மறைய எண்ணுகிறது. விமானமோ மேற்கு நோக்கி அதைத் துரத்துகிறது. ஒரு மணி நேரம் பறந்தால் மஃரிப் ஏறத்தாழ அரை மணி தள்ளிப்போகிறது. உயரத்தில் இருப்பதால் தரையில் மறைந்த சூரியனும் நமக்குச் சில நிமிடங்கள் தெரிந்துகொண்டே இருக்கும். எட்டு மணி. எட்டேகால். உம்மாவின் விரல்கள் நடுங்கத் தொடங்கின. சர்க்கரை இறங்குகிறதோ என்று எனக்குப் பயம். “போதும் உம்மா, உயிருக்கு ஆபத்தென்றால் திறந்துவிடலாம், குற்றமில்லை” என்றேன். தலையை மட்டும் அசைத்தார். இன்னும் தாங்கும் என்று பொருள். வாப்பாவின் கடிகாரம் எட்டே முக்காலை நெருங்கியபோது செந்நிற விளிம்பும் கீழே போயிற்று. அன்றைய நோன்பு ராத்தாவின் நோன்பைவிட ஒன்றேகால் மணி நீண்டது. சென்னையில் இறங்கும்வரை உம்மா என் தோளில் சாய்ந்தே இருந்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின் ராத்தா புது வீட்டுக்குக் குடிபோனார். தொழும் அறையில் கிப்லா திசை சரிதானா என்று அவருக்கு ஐயம். அதற்கும் இந்த நேரக் கணக்கே வழிகாட்டுகிறது. மே 28 அன்று மக்காவில் பகல் 12.18க்குச் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. ஜூலை 16இல் 12.27க்கு. லீப் ஆண்டானால் ஒரு நாள் முன்னதாக வரும். அந்தக் கணத்தில் சூரியன் தெரியும் எந்த ஊரிலும் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. சவூதி நேரம் கிரீன்விச்சுக்கு 3 மணி முந்தியது. ஆகவே நமக்கு 2.48, பினாங்கில் 5.18. நீங்களும் முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழலைப் பார்த்து இதைச் சோதிக்கலாம்.

தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரே கணத்தில் பார்ப்பதென ஏற்பாடு. நாகூர் முற்றத்தில் உம்மா நட்ட குச்சியின் நிழல் கோடு போட்டாற்போல் விழுந்தது. “ராத்தா, அங்கே எப்படி?” என்றேன்.

“இங்கே மழை கொட்டுது தம்பி. ஜூலையிலே பார்ப்போம்” என்றார்.