தோளில் கிடந்த துண்டு

அன்று அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலின் படியிறங்கி வந்து கொண்டிருந்தோம். நெடுஞ்சாலை முனையில் திடீரென்று பேரோசை ஒன்று எழுந்தது; அதைத் தொடர்ந்து கூக்குரல். விரைந்து சென்று பார்த்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் லாரியில் மோதிச் சாலையோரத்தில் கிடந்தார். அவர் தொடையிலிருந்து குருதி பீறிட்டுக் கொண்டிருந்தது.

கூடி நின்றவர்கள் ஐம்பது பேருக்குக் குறையார். ஒருவர் சோடா கேட்டார். ஒருவர் 108-ஐ அழைத்தார். "போலீஸ் வரட்டும், யாரும் தொடாதீர்கள்" என்றார் வேறொருவர். நாமோ உதடுகளில் துஆவுடன் நின்றோம். ஆம்புலன்ஸ் தாமதிக்கவில்லை, வந்தவர்கள் கடமையில் தவறவுமில்லை. எனினும் மருத்துவமனையை அடையும் முன்னரே அவ்விளைஞர் உயிர் நீத்தார்.

அன்றிரவு தோள் துண்டை எடுத்துக் கொடியில் போடும்போது கை தயங்கிற்று. அதில் ஒரு துளி குருதிக்கறை இல்லை. அந்தத் தூய்மை நம்மைக் குத்திற்று.

நிற்க. சில மாதங்களுக்குப் பின்னர், காவலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒருங்கே நடந்த ஒருநாள் முதலுதவிப் பயிற்சிக்குச் சென்றோம். குண்டுவெடிப்பு, துப்பாக்கிச் சூடு போன்று ஆபத்து இன்னும் விலகாத இடத்திலும் செய்யத்தக்க முதலுதவி அது. அதன் பிறப்பிடம் போர்க்களம். 1996இல் அமெரிக்கப் படை மருத்துவர்கள் அதனை வகுத்து வெளியிட்டனர். பின்னர் அது காவல் துறைக்கும் பொதுமக்களுக்கும் ஏற்றவாறு விரிவாக்கப்பட்டது.

அதன் வரிசைமுறை எளியது. முதலில் உமது பாதுகாப்பு. உதவச் சென்றவரே வீழ்ந்தால் உதவி ஏது? அடுத்தது குருதிப்பெருக்கை நிறுத்துதல். அதன் பின்னரே மூச்சு முதலிய பிற. வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள குருதி ஏறத்தாழ 5 லிட்டர். பெரிய நாடி அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மருத்துவர் வரும்வரை அந்த நிமிடங்கள் காத்திருப்பதில்லை.

தூய துணியைக் காயத்தின் மீது வைத்து இரு கைகளாலும் உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டும். காயம் ஆழமாயின் துணியை உள்ளே திணித்து அழுத்த வேண்டும். கை கால்களில் குருதி நிற்காவிடின், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மீது படாமல், 'டூர்னிகே' என்னும் இறுக்குக் கட்டைப் போட்டுக் குருதி நிற்கும்வரை முறுக்க வேண்டும். கட்டிய நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். வலிக்கிறதென்று கதறினாலும் நாம் அதைத் தளர்த்தலாகாது. அது மருத்துவரின் வேலை.

பயிற்சிப் பொம்மையின் காயத்தை அழுத்திக் கொண்டிருந்த நாம், குருதி நின்றதா என்று கையை எடுத்துப் பார்த்தோம். அருகிலிருந்த இளம் பெண் காவலர், "ஐயா, எட்டிப் பார்க்காதீர்கள்; கையை எடுத்தால் திரும்பவும் கொட்டும்" என்றார். நம் மாணவியின் வயதுதான் அவருக்கு. அன்று அவரே நமக்கு ஆசிரியர்.

இப்பாடத்தை அமெரிக்கரும் பெருவிலை கொடுத்தே கற்றனர். 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இருவர் துப்பாக்கியால் சுட்டு 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் கொன்றனர். டேவ் சாண்டர்ஸ் என்னும் அவ்வாசிரியர், பிள்ளைகளைத் தப்பியோடச் செய்யும்போது சுடப்பட்டவர். மாணவர்கள் தம் சட்டைகளைக் கழற்றி அவர் காயங்களை அழுத்திப் பிடித்தனர். ஒருவர் குருதி வடிந்து இறந்து கொண்டிருக்கிறார் என்று பலகையில் எழுதிச் சன்னலில் வைத்தனர். கட்டடத்தைச் சூழ்ந்து சிறப்புப் படைக்காகக் காத்திருப்பதே அக்காலக் காவலரின் நெறி. ஏறத்தாழ மூன்று மணி நேரம் சென்றது. மருத்துவமனை சேராமலே அவர் இறந்தார். அழுத்த வேண்டிய கைகள் அங்கே இருந்தன. அவரை வெளியே கொணரும் கைகளே வரவில்லை.

அதன் பின்னர் நெறி மாறிற்று. 2013இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் கூடிய அறுவை மருத்துவரும் காவல் அதிகாரிகளும் பிறரும், ஆபத்தை அடக்குதல், குருதியை நிறுத்துதல், விரைந்து வெளிக்கொணர்தல் ஆகியவற்றை ஒரே சங்கிலியாக வகுத்தனர். 2015 முதல் குருதியை நிறுத்தும் கலையைப் பொதுமக்களுக்கும் கற்பிக்கும் இயக்கம் அந்நாட்டில் நடைபெற்று வருகிறது.

அரபு கற்ற நமக்கு இதில் தனியொரு வெட்கமும் உண்டு. அந்தலூசிய மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் முப்பது பாகங்களில் 'அத்தஸ்ரீஃப்' என்னும் நூலை யாத்தார். அதன் இறுதிப் பாகம் அறுவை மருத்துவம். அறுபட்ட நாடியின் குருதியை நூலால் கட்டியும் அழுத்தியும் சுட்டும் நிறுத்தும் வழிகளை அதில் அவர் விளக்குகிறார். மேடைகளில் அவர் பெயரை எத்தனை முறை பெருமையுடன் முழங்கியிருக்கிறோம்! சாலை முனையில் அவர் அறிவு நம் நாவில் இருந்தது, கையில் இல்லை. அமலுக்கு வராத இல்மைப் பற்றி மாணவர்க்கு முப்பதாண்டுகள் பாடம் சொன்ன நமக்கு அது எவ்வளவு பெரிய பாடம்!

வழக்கு வருமே என்னும் அச்சமும் வேண்டா. உதவுவோரைத் துன்புறுத்தலாகாதென உச்ச நீதிமன்றம் 2016இல் நெறிமுறைகளுக்கு வலுவளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோருக்குப் பாதுகாப்பளிக்கிறது.

இப்போது வியாழன்தோறும் இறுதி வகுப்பில் நம் மாணவர்கள் ஒருவர் தொடையில் ஒருவர் துண்டைக் கட்டி, மரக்கோலால் முறுக்கிப் பழகுகின்றனர். சிரிப்பும் கூச்சலுமாகத்தான் நடக்கிறது. தாய்மாரும் வீட்டில் இதைப் பழகுவது நன்று; அரிவாள்மணை இல்லாத வீடு ஏது?

அவ்விளைஞரை நம் கைகள் காப்பாற்றியிருக்குமோ, இல்லையோ, அல்லாஹ்வே அறிவான். நாம் முயலவே இல்லை என்பதை நாம் அறிவோம்.