மாற்றியது யார்?

போன மாசம் நானும் என் தோழியும் மூணு நாள் பேசாம இருந்தது நம்ம வகுப்புக்கே தெரியும். ஏன்னுதான் யாருக்கும் தெரியாது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அறிவியல் கண்காட்சிக்காக, "பள்ளிக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று ஒரு கணக்கெடுப்பு. எல்லோரையும் கேட்க முடியாது. அதனால் 'ஆர்' என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளில் குலுக்கல் போட்டு 40 பேரை எடுத்தோம். குலுக்கலுக்கு முன் 'விதை எண்' ஒன்றைக் கொடுத்தால், யார் எத்தனை முறை போட்டாலும் அதே பெயர்கள் வரவேண்டும். நாங்கள் கொடுத்தது 123.

ஆனால் என் கணினியில் ஒரு பட்டியல், அவள் கணினியில் வேறு பட்டியல்! "உனக்குத் தெரிஞ்சவங்க பேரா பாத்து மாத்திட்டியாடி?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா, தன் மடிக்கணினியில் 'டாக்கர்' என்ற மென்பொருளைக் காட்டினாள். 2013-இல் வெளிவந்தது. ஊருக்குப் போகும்போது சோறு, ஊறுகாய், இலை எல்லாம் சேர்த்துக் கட்டுச்சோறு கட்டுவோமே, அதுபோல ஒரு நிரலுக்கு வேண்டியதெல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். அதற்குப் பெயர் 'கன்டெய்னர்'. ஆர் மென்பொருளைப் பதிப்பு வாரியாக இப்படிக் கட்டித் தருகிறது 'ராக்கர்' என்ற திட்டம்.

ஒரு பெட்டியில் 3.5.3 பதிப்பு, இன்னொன்றில் 4.2.0. இரண்டிலும் விதை 123 கொடுத்து, 1 முதல் 10 வரை கலைக்கச் சொன்னோம். பழையதில் 3, 8, 4, 7 என்று வந்தது. புதியதில் 3, 10, 2, 8! 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில், பழைய குலுக்கலில் இருந்த சின்னப் பாரபட்சத்தைப் போக்க, எண் எடுக்கும் முறையையே மாற்றியிருக்கிறார்கள். அவளிடம் இருந்தது பழைய பதிப்பு, என்னிடம் புதியது. அவ்வளவுதான்!

உடனே அவளுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சாரிடி" என்றாள். உண்மையைச் சொன்னால், நானும் மனசுக்குள் அவளைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். அதையும் சொல்லிவிட்டேன்.

பிறகு இருவரும் சேர்ந்து புதிய பதிப்பிலேயே ஒரு பெட்டி தயார் செய்தோம். முதல் நாள் 40 பேர் பதிலையும் பெட்டிக்குள்ளேயே சேமித்துவிட்டு, பெட்டியை நீக்கிவிட்டோம். அத்தனையும் போச்சு! "வெளியில இருக்கிற ஃபோல்டரை இணைச்சுக்கணும், மக்குகளா" என்று அக்கா தலையில் குட்டினாள். மறுநாள் அவள் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன்.

கண்காட்சி அட்டையில் விடைக்குக் கீழே பதிப்பு எண்ணையும் விதை எண்ணையும் எழுதி வைத்தோம். நண்பர்களே, உங்க விடையும் பக்கத்துல இருக்கிறவங்க விடையும் ஒத்துவரலைன்னா, ஆளைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி பதிப்பைப் பாருங்க!

– 12-ஆம் வகுப்பு மாணவி