பெட்டிக்குள்ளேயே நேர்ந்த சேதம்

வெள்ளி

இசைத்தட்டை இயக்கும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்னும் டர்ன்டேபிள் 1979-இல் வெளிவந்தது. 1200 வரிசையின் தயாரிப்பு 2010-இல் நின்று, 2016-இல் புதிய உள்ளமைப்புடன் மீண்டும் தொடங்கியதால், எம்கே2-வையே நாடுவோருக்கு இன்று பழைய கருவியைத் தேடுவது தவிர வேறு வழியில்லை. மும்பையிலிருந்து லாரி பார்சலில் சென்னைக்கு வந்த அத்தகைய கருவி ஒன்றின் நிலை இக்குறிப்புகளில் பதிவாகிறது. அட்டைப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்ததைக் கண்ட வாங்கியவர், கட்டைப் பிரிக்கும் முன்பே எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, டெலிவரி ரசீதில் ‘பெட்டி சேதம்’ என்று எழுதிய பிறகே கையொப்பமிட்டார்.

சனி

பெட்டியைத் திறந்ததும், இசைத்தட்டு அமரும் வார்ப்பு அலுமினியச் சுழல்தட்டாகிய பிளாட்டர் கழற்றப்படாமலேயே அனுப்பப்பட்டிருந்தது தெரிந்தது. ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள இத்தட்டைத் திருகு எதுவும் பிணைப்பதில்லை. ஸ்பிண்டில் எனப்படும் நடு அச்சின்மேல் அது தன் எடையாலேயே அமர்ந்திருக்கிறது. பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும் இவ்வமைப்பில், காந்த வளையம் தட்டின் அடியிலும் கம்பிச்சுருள்கள் கருவியின் உடலிலும் இருப்பதால், பெட்டி கவிழ்ந்து விழும்போது தட்டு மேலெழுந்து இறங்கி, அச்சோடு சுருள்களையும் தாக்கக்கூடும். வெளியே எத்தனை சுற்று பபிள் ரேப் சுற்றினாலும் இந்த உள்ளடியைத் தடுக்க இயலாது. கையால் மெல்லச் சுழற்றியபோது தட்டின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தாழ்ந்தது. அச்சு வளைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஞாயிறு

ஊசியைத் தாங்கும் டோன்ஆர்ம் என்னும் கையின் பின்முனையில் அதைச் சமன்செய்யும் எதிர்எடையும் அப்படியே விடப்பட்டிருந்தது. வழியில் ஏற்படும் ஒவ்வொரு குலுக்கலிலும் அவ்வெடை கையின் நுண்ணிய பேரிங்குகளை அசைத்து நோகச் செய்கிறது. எடையை நகர்த்திக் கை கிடைமட்டமாக மிதக்கும்படி நிறுத்தி மெல்ல ஊதினால், நல்ல கை தங்குதடையின்றி நகரும். இக்கையோ நடுவழியில் தயங்கி நின்றது. வளைந்த ஊசிக்கு மாற்று எளிதில் கிடைக்கும். பழுதுற்ற பேரிங்கைச் சீர்செய்யத் தேர்ந்த கைவினைஞர் தேவை.

திங்கள்

இழப்பீடு கோருவதற்காக ஆவணங்கள் தொகுக்கப்பட்டன. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கின் மதிப்பை அனுப்புபவர் எழுத்தில் அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினாலன்றி, ஏற்றிச்செல்பவரின் பொறுப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது. வழக்குத் தொடர வேண்டுமானால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். இந்தப் பார்சலுக்கு மதிப்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை.

பல்லாண்டு உழைத்த ஒரு கருவி, சில நிமிட வேலையைச் செய்ய ஆளில்லாததால் ஒரே பயணத்தில் பழுதாவது பெரும் இழப்பாகும். ஆகவே பழைய டர்ன்டேபிள் வாங்குவோர், சுழல்தட்டையும் எதிர்எடையையும் ஊசிப் பகுதியையும் கழற்றித் தனித்தனியே பொதியவும், கையை அதன் தாங்கியோடு கட்டவும், பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைக்கவும், மதிப்பை அறிவிக்கவும் விற்பவர் ஒப்புக்கொண்டு, பொதியும்போதே படமும் அனுப்பிய பின்னரே பணம் செலுத்துக.