பெரியப்பாவின் ஷேவிங் செட்

கும்பகோணத்தில் காவிரிப் படித்துறைக்குப் போகும் தெரு ஒன்றில் இரண்டு நாற்காலி போட்ட சலூன். காலை ஆறரைக்கே திறந்திருந்தது. நான் கொண்டுபோன ரேஸரைக் கடைக்காரப் பெரியவர் வாங்கி, உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். கைப்பிடியைத் திருகி, மூடி, அடித்தட்டு, கைப்பிடி என மூன்றாகப் பிரித்துத் துண்டின்மேல் வைத்தார்.

"புளி போட்டுத் தேய்ச்சிருக்காங்களே தம்பி" என்றார்.

உண்மைதான். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா 1960களில் வாங்கிவந்த ஜில்லெட் 'டெக்' அது. அவர் காலத்துக்குப் பிறகு அம்மா அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கி வைத்தார். பித்தளைமேல் மெல்லிய நிக்கல் பூச்சு இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மூடியின் விளிம்பில் பூச்சு போய் மஞ்சள் தெரிகிறது. அடித்தட்டின் கீழே 'எஃப் 3' என்ற முத்திரை மட்டும் அழியவில்லை. 1960ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் செய்தது என்று அதற்குப் பொருள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு ஊறவைத்தார். மரையில் அடைத்திருந்த சோப்புக் கறையைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தார். துடைத்துக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. "இவ்வளவுதான். இதுக்கு மேல எது செஞ்சாலும் கெடுதல்தான்."

பிறகு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். வெந்நீரில் பிழிந்த துண்டு மூன்று நிமிடம் முகத்தில் கிடந்தது. தண்ணீர் குடித்த முடி இளகிவிடும். வெட்டக் குறைந்த பலமே போதும். வீட்டில் நாம் அவசரத்தில் விட்டுவிடுவது இந்த மூன்று நிமிடத்தைத்தான். பிரஷ்ஷால் நுரை கட்டி, இடது கை விரல்களால் தோலை இழுத்துப் பிடித்து, முடி படிந்த போக்கிலேயே ரேஸரை இறக்கினார். அவர் கை அழுத்தவே இல்லை. ரேஸரின் கனமே அதைக் கீழே இழுத்துக்கொண்டு போயிற்று. நெல் அறுத்த தாளில் நடப்பதுபோல் ஒரு மெல்லிய சரசரப்பு காதில் கேட்டது.

கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் போடுவது பாதி பிளேடு. உறையோடு மடித்து முறித்து, ஒரு பாதியைக் கத்திப் பிடியில் செருகி, ஒரு முகம் முடிந்ததும் எடுத்துவிடுவார். 1990களில் எய்ட்ஸ் பயம் வந்தபோது தம் மடக்குக் கத்தியை அலமாரியில் வைத்தவர் அதன்பின் யார் முகத்திலும் அதை வைக்கவில்லை. கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, உள்ளங்கையில் முடித்துப் பதம் பார்க்கும் வித்தை அவர் கையில் இன்னும் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மட்டும் அந்தக் கத்தியை எடுத்துத் தீட்டுகிறார். சந்தனம், குங்குமம் வைத்து மறுபடி உள்ளே வைத்துவிடுகிறார். மகன் அதைத் தொட்டதில்லை.

பெரியப்பா பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் விரலால் அழுத்தித் தேய்ப்பார். அது சரியா என்று பெரியவரிடம் கேட்டேன். "வளைஞ்ச முனை கொஞ்சம் நிமிரும். உடைஞ்ச முனை ஒட்டாது" என்றார். முனை இப்படி உடைவதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து, 2020இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் ஒற்றை முடி சாய்வாக மோதினால் முனையில் சில்லு பெயர்கிறது. தேய்வதைவிட இப்படி உடைவதால்தான் பிளேடு மழுங்குகிறது. சில்லு போன முனையைத் தம்ளர் மீட்டுத் தராது. இன்றைய பிளேடின் வழுக்குப் பூச்சும் அந்தத் தேய்ப்பில் போய்விடும்.

ஆகவே பராமரிப்பு என்பது அலசுவதுதான். சவரம் முடிந்ததும் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி ஓடும் தண்ணீரில் காட்டி, உதறி, காற்றாட வைத்தார். பிளேடைத் துணியால் துடைக்கக் கூடாது. முனையும் போகும், விரலும் போகும்.

இந்த வகை ரேஸருக்குக் கிங் கேம்ப் ஜில்லெட் 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1904இல் பெற்றார். மெல்லிய எஃகுத் தகட்டை இரு தட்டுகளுக்கிடையே வளைத்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும், மழுங்கினால் எறிந்துவிடலாம் என்பதே அவர் யோசனை. 1903இல் விற்றவை 51 ரேஸர், 168 பிளேடு. தீட்டும் வேலையிலிருந்து வீட்டு ஆண்களை அது விடுவித்தது. எறிந்த பிளேடு யார் கையில் போய்ச் சேரும் என்பதை அந்த யோசனை கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வியைப் பெரியவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்காலிக்குக் கீழே மூடியில் கீறல் போட்ட பால்பவுடர் டின் இருந்தது. அரைப் பிளேடுகள் எல்லாம் அதற்குள். ஒருமுறை தெருவில் குப்பை அள்ளும் ஓர் அம்மா, பிளேடில் உள்ளங்கை கிழிந்து அவர் கடை வாசலில்தான் வந்து உட்கார்ந்தாராம். படிகாரம் வைத்துக் கட்டுப் போட்டவர் இவர். அன்றைக்கே டின்னைக் கீறினார்.

வீட்டில் ஒரு பழைய டின் இல்லாமலா இருக்கும்? மூடியில் கீறல் போட்டு வையுங்கள். நிறைந்ததும் வாயை ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, குப்பை வாங்க வருகிறவரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.