பாட்டுக்கும் பட்டா உண்டு

வயல் வீடியோவுக்குப் பாட்டு தேடினப்பதான் இதெல்லாம் கத்துக்கிட்டேன். பாரதியார் பாட்டோட உரிமையை 1949ல அரசு வாங்கி, அப்புறம் மக்களுக்கே பொதுவாக்கிருச்சு. வரியை யாரும் பாடலாம். ஆனா அதே பாட்டு சினிமாவுல வந்திருந்தா, மெட்டுக்குத் தனி உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. ஒரே வயலா தெரிஞ்சாலும் பட்டா வேற வேற இல்லீங்களா, அப்படித்தான்.

அதனால நம்ம வயல் சத்தத்தையே போன்ல பதியுறேன். காத்து இரையாம இருக்க மைக்குல பஞ்சு சுத்திக்குவேன். பக்கத்து மோட்டார் ஓடாத விடியக்காலையில மடைத்தண்ணி சத்தம் தெளிவா விழும்.

நடவுப் பாட்டு பாடுற அக்காவுக்கும் அவங்க பாடினதுல சட்டப்படி உரிமை உண்டு. "வீடியோவுல போடட்டுமாக்கா?"ன்னு கேட்டேன். "எங்கம்மா சொல்லிக் குடுத்தது தம்பி, அது பேரையும் போடு"ன்னாங்க.

ரெண்டு பேர் பேரும் போட்டாச்சு.