ஐந்தாவது டேக்கில் நடுங்கிய கை

விஸ்காம் இரண்டாம் ஆண்டில், ஏதாவது ஒரு படத்தின் தொடக்கக் காட்சியைத் திரும்ப எடுத்து எடிட் செய்து வரச் சொன்னார்கள். ராயபுரத்துப் பிள்ளைகள் நாங்கள் வேறு எதை எடுப்போம்? 2018இல் வந்த வெற்றிமாறனின் ‘வடசென்னை’தான்.

கொலை முடிந்த இடத்தில் தொடங்குகிற படம் அது. ஆண்டு 1987. குணா, செந்தில், வேலு, பழனி என்று நான்கு பேர், ரத்தம் தோய்ந்த ஆயுதங்கள். செத்தது யார் என்று சொல்வதில்லை. இவர்களுக்குத் தலைவனாக இருந்த ராஜன்தான் அது என்பது வெகுநேரம் கழித்து, கதை பின்னால் போகும்போதுதான் தெரியும். ஒரு சம்பவத்தின் வாலை வெட்டித் தலையில் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்ததோ அந்த வால் மட்டும்தான். இரண்டரை நிமிடத்தில் எங்கள் படம் முடிந்துவிடும். பதில் சொல்லப் பின்னால் கதை கிடையாது. எடிட்டில் உட்காரும்வரை இது எனக்கு உறைக்கவே இல்லை.

காசிமேட்டில் வலை போட்டுவைக்கும் அறை ஒன்று கிடைத்தது. 1987 என்பதால் எல்இடியைக் கழற்றிக் குண்டு பல்பு மாட்டினோம். வாசல் ட்யூப்லைட்டை மட்டும் அணைக்க முடியவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்தப் பழைய ட்யூப்லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி எரியும். ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடியில் நிறுத்திய பிறகுதான் சுவரில் வெளிச்சம் துடிப்பது நின்றது.

கத்திகள் ஆயாவுடையவை. மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற கத்திகள். ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் சிவப்புக் கலர் பொடி, கொஞ்சம் காபித்தூள். மூன்றாவது டேக்குக்குள் எறும்பு ஏறிவிட்டது. துடைத்துத் துடைத்துப் பூசியதில் கறை ஒவ்வொரு ஷாட்டிலும் வேறு வேறு இடத்தில் விழுந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் நால்வரும் சுற்றி உட்கார்ந்த மேசை. இரண்டு பேர் எதிரெதிரே பேசினால் நடுவில் ஒரு கோடுதான். கேமரா அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் யார் யாரைப் பார்க்கிறார்களோ அத்தனைக்கும் ஒவ்வொரு கோடு. செந்திலாக நடித்தவன் வேலுவைப் பார்த்துப் பேசியது, எடிட்டில் சுவரைப் பார்த்துப் பேசுவதுபோல் இருந்தது. ஆள் இல்லாத மேசையை மட்டும் ஒரு ஷாட் எடுத்துவைத்திருந்தோம். கோடு மாறும் இடங்களில் எல்லாம் அதுதான் கைகொடுத்தது.

முதல் எடிட்டில், படத்தைப் பக்கத்தில் போனில் ஓடவிட்டு, அங்கே எங்கே கட் விழுகிறதோ இங்கேயும் அங்கேயே போட்டேன். ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருந்தியது. உயிர் மட்டும் இல்லை. எல்லோரும் படம் பார்த்தவர்கள் என்பதால் குற்றம் எங்கே என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நானும்கூட ராஜனை மனதில் வைத்துக்கொண்டேதான் பார்த்திருக்கிறேன்.

ஆயா ‘வடசென்னை’ பார்த்ததில்லை. தன் கத்திகளை என்ன செய்தோம் என்று பார்க்கத்தான் லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தது. பாதி ஓடியதும், “யார்றா செத்தது?” என்றது. நான் சொல்லவில்லை. கடைசி ஷாட் வந்தது. பழனியாக நடித்தவன் கத்தியை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கிறான், விரல்கள் நடுங்குகின்றன. அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை, ஐந்தாவது டேக் வேறு. அது நடிப்பே இல்லை. கட் போட வசதியாக இருந்ததால் சேர்த்திருந்தேன்.

“இவன் கை மட்டும் இன்னாத்துக்கு நடுங்குது? செத்தவன் இவனுக்கு வேண்டியவனா?”

படம் பார்த்த அத்தனை பேரும் தலையில் சுமந்துகொண்டிருந்த பதிலை ஆயா ஒரு கையிலிருந்து எடுத்துவிட்டது.

அன்றிரவே டைம்லைனைக் கலைத்தேன். வாயைத் திறக்கிறவனுக்கெல்லாம் கட் போட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. பேசுகிறவனின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கிறவனின் முகத்தைப் போட்டேன். போனைப் பார்த்து வைத்த கட்டுகளில் பாதிக்குமேல் போயின. கையின் ஷாட்டைக் கடைசியிலிருந்து எடுத்து இரண்டாவதாக வைத்தேன். அதன் பின்னணியில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று போகிற உறுமல் பதிவாகியிருந்தது. முதல் எடிட்டில் இரைச்சல் என்று நீக்கியதைத் திரும்பக் கொண்டுவந்தேன். லாரி கடந்து, சத்தம் தேய்ந்து, அந்த விரல்கள் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை கட் போடவில்லை.